தை பிறக்கும் முன்னே நாற்று: மொட்டை மாடிக்குப் பாலித்தீன் குடிலா, பச்சை வலையா?

கொளத்தூர் மாடி
டிசம்பர் 27, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். ஆறு மாதமாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இதுதான் என் முதல் பதிவு.

போன வருடம் நடந்ததைச் சொல்லிவிட்டுக் கேள்விக்கு வருகிறேன். வெளிநாட்டுத் தோட்டக்காரர்களின் வீடியோக்களைப் பார்த்து எனக்கும் ஒரு பசுமைக்குடில் கட்ட ஆசை வந்தது. வசந்தம் வருவதற்கு முன்பே குடிலுக்குள் விதை போட்டு, நாற்றைத் தயாராக வைத்திருக்கிறார்களே, நாமும் செய்யலாம் என்று பிப்ரவரி மூன்றாம் வாரம் இறங்கினேன். மாடியில் ஆறடிக்கு எட்டடி பிவிசி குழாயில் சட்டம் போட்டு, நாலு பக்கமும் மேலேயும் கெட்டிப் பாலித்தீன் போர்த்தினேன். உள்ளே இரண்டு குழித்தட்டு தக்காளி, ஒன்று கத்திரி, ஒன்று மிளகாய். தக்காளி ஐந்தாம் நாளே முளைத்துவிட்டது.

மார்ச் முதல் வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போய்விட்டு மூன்று மணிக்குத்தான் மாடி ஏறினேன். உள்ளே தொங்கிய வெப்பமானி 49 காட்டியது. நாற்றெல்லாம் வெந்நீரில் போட்ட கீரை மாதிரி தட்டில் படுத்துக் கிடந்தது. பாலித்தீனின் உட்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர், தொட்டால் விரல் சுட்டது. இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் ஒவ்வொரு தட்டுக்கும் ஐஸ் குச்சியில் பெயர் எழுதி நட்டிருந்தாள். அவளிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது.

இந்த வருடம் மறுபடி செய்யப்போகிறேன், ஆனால் சரியாகச் செய்ய வேண்டும். சட்டம் அப்படியே இருக்கிறது. அதே குடிலில் ஜன்னல் வைத்தால் போதுமா, வெயிலைக் குறைக்கும் பச்சை நிழல்வலைக்கு மாற வேண்டுமா? விதை எப்போது போடுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


நாற்றங்கால்
டிசம்பர் 27, இரவு 10.25

தம்பி, நாற்று போனதற்கு உங்கள் கை காரணமில்லை, குடில்தான் காரணம். பாலித்தீன் வெயிலை உள்ளே விடும், சூடான காற்றை வெளியே விடாது. குளிர் தேசத்தில் அதற்காகவே அதைக் கட்டுகிறார்கள். நம் மாநிலத்திலும் ஊட்டி, ஓசூர் பக்கம் பூ வளர்ப்பவர்களிடம் இருக்கிறது. அந்த ஊர்களின் குளிருக்கு அது சரி. சென்னையில் ஜனவரி இரவிலும் சராசரியாக 20, 21 டிகிரி இருக்கும். தக்காளி விதை முளைக்க அதுவே போதும். சூட்டைச் சேர்த்து வைக்கும் வேலையே நமக்கு இல்லை, வெயிலைக் குறைக்கும் வேலைதான். பாலித்தீனைக் கழற்றி மடித்து வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தட்டுக்கு மேலே கூரையாகப் போட உதவும்.

அடுத்தது நாள். வீடியோவில் அவர்கள் சொல்லும் வசந்தம் நம் கணக்கில் இளவேனில், அதாவது சித்திரையும் வைகாசியும். அந்த மாதங்களில் சென்னை மாடியில் பிஞ்சு நாற்றைக் காப்பாற்றுவது பெரும்பாடு. நமக்குப் பட்டம், அதாவது விதைப்புப் பருவம்தான் கணக்கு. தைப்பட்டத்தில் நட வேண்டிய நாற்று மார்கழியிலேயே தட்டில் இருக்க வேண்டும். இன்றைக்கு மார்கழி பன்னிரண்டு தேதி ஆகிறது, இன்னும் ஒரு வாரத்துக்குள் போட்டுவிடுங்கள்.

ஏன் இத்தனை அவசரம் என்றால் தக்காளிக்காக. தக்காளிச் செடி வெயிலைத் தாங்கும், அதன் பூ தாங்காது. பகலில் 35ஐத் தாண்டி, இரவிலும் 24, 25க்குக் கீழே இறங்காத நாட்களில் மகரந்தம் வீணாகிப் பூ காம்போடு உதிரும். சென்னையில் பங்குனி கடைசியில் அந்த நிலை வந்துவிடுகிறது. நீங்கள் பிப்ரவரி கடைசியில் விதைத்த தக்காளி பிழைத்திருந்தாலும் ஏப்ரல் கடைசியில்தான் பூத்திருக்கும், காய் பிடித்திருக்காது. இப்போது விதைத்தால் ஜனவரி கடைசியில் நடலாம், மாசியில் பூக்கும், பங்குனியில் பறிக்கலாம்.

வைக்கும் இடமும் முக்கியம். உங்கள் மாடியில் படிக்கட்டு அறை இருக்கும் இல்லையா, அதன் கிழக்குச் சுவரை ஒட்டி ஒரு பெஞ்சு போடுங்கள். காலை வெயில் முழுதாகக் கிடைக்கும், மதியத்துக்கு மேல் சுவரின் நிழல் விழும். இந்த மாதத்தில் நாற்றுக்கு அதைவிட நல்ல குடில் கிடையாது, செலவும் இல்லை. வலையை மாசி கடைசிக்குள் கட்டினால் போதும்.


அண்ணாநகர் அவரை
டிசம்பர் 28, காலை 6.50

நாற்றங்கால் ஐயா சொன்னதை நான் இரண்டு ஊரிலும் கண்ணால் பார்த்திருக்கிறேன். மகள் டொராண்டோவில் இருக்கிறாள். பேரன் பிறந்தபோது ஆறு மாதம் அங்கே இருந்தேன். அவள் மார்ச் கடைசியில் வீட்டின் கீழ்த்தளத்தில் விதை போட்டாள். தட்டுக்கு அடியில் மின்சாரத்தில் சூடாகும் விரிப்பு, மேலே குழல்விளக்கு. வெளியே எட்டிப் பார்த்தால் இன்னும் பனி. நாற்று கொஞ்சம் வளர்ந்ததும் கொல்லையில் இருக்கும் சின்னக் கண்ணாடிக் குடிலுக்கு மாற்றினாள். மே நடுவரையில்கூட ஒரு இரவு உறைபனி விழுந்து எல்லாம் கருகிவிடும் என்ற பயம் அவர்களுக்கு. அங்கே விக்டோரியா டே என்று மே மாதக் கடைசியை ஒட்டி ஒரு திங்கட்கிழமை விடுமுறை வருகிறது. அதற்குப் பிறகுதான் தக்காளியை மண்ணில் நடுகிறார்கள்.

கொளத்தூர் தம்பி, நீங்கள் பார்த்த வீடியோவில் ஒரு தப்பும் இல்லை, அது அந்த ஊர்க் குளிருக்குச் சொன்னது. ஆனால் அவளிடம் ஒரு விஷயம் கற்றுக்கொண்டு வந்தேன், அதை இங்கேயும் விடாமல் செய்கிறேன். நாற்றைக் குடிலிலிருந்து எடுத்து நேராகத் தோட்டத்தில் நடவே மாட்டாள். முதல் நாள் ஒரு மணி நேரம் வெளியே வைப்பாள், அடுத்த நாள் இரண்டு மணி நேரம், இப்படி ஒரு வாரம் பழக்கித்தான் நடுவாள். அவள் குளிர்காற்றுக்குப் பழக்கினாள், நான் இங்கே வெயிலுக்குப் பழக்குகிறேன். வாரம் ஒன்று ஆனாலும் இந்தப் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள்.


தண்டுக்கீரை
டிசம்பர் 28, காலை 9.15

பெருங்குடியில் நாலாவது மாடி, கிழக்குப் பார்த்த பால்கனி மட்டும்தான் எனக்கு. நானும் இதே கேள்வியோடு இருந்தேன். குழித்தட்டில் எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது என்று யாராவது சொல்ல முடியுமா? போன முறை கீரையை எல்லாம் தட்டில் போட்டுப் பிடுங்கி நட்டேன், பாதிக்கு மேல் வரவில்லை.


மயிலை செம்பருத்தி
டிசம்பர் 28, மதியம் 2.05

தண்டுக்கீரை, பிடுங்கி நட்டால் தாங்குவது தக்காளி, கத்திரி, மிளகாய் மூன்றும்தான், குளிர்காலத்தில் கோஸும் காலிஃபிளவரும். கீரை, முள்ளங்கி, வெண்டை, கொத்தவரை, அவரை எல்லாம் வளரும் இடத்திலேயே விதைக்க வேண்டும். பாகல், பீர்க்கன், புடலை, சுரையை நான் டீ கப்பில் ஒவ்வொரு விதையாகப் போட்டு, இரண்டு நிஜ இலை வந்ததும் கப்பைக் கிழித்து மண்கட்டி உடையாமல் வைப்பேன். வேர் அசைந்தால் கொடி முரண்டு பிடிக்கும். கீரை விதையைத் தூவினால் எறும்பு இழுத்துக்கொண்டு போகும், அதற்கு ஒரு பிடி அரிசிக் குருணை கலந்து தூவுங்கள். எறும்பு குருணையை எடுத்துக்கொண்டு போய்விடும்.

கொளத்தூர் தம்பிக்கு ஒரு கேள்வி. கோகோபீட்டை, அதாவது தென்னை நார்த்தூளைக் கழுவினீர்களா? யாரும் இதைச் சொல்லித் தருவதில்லை. கட்டியைத் தண்ணீரில் ஊறவைத்து அப்படியே தட்டில் நிரப்பிவிடுகிறோம். தென்னை நாரில் இயல்பாகவே உப்பு இருக்கிறது, மட்டை ஊறப்போடும் தண்ணீர் உப்பாக இருந்தால் இன்னும் ஏறும். கழுவாத கோகோபீட்டில் விதை முளைக்கும், ஆனால் இரண்டாவது இலை வரும்போது ஓரம் மஞ்சளாகி வளர்ச்சி அப்படியே நின்றுவிடும். நான் முதல் இரண்டு வருடம் விதைதான் மோசம் என்று நினைத்துக் கடை கடையாக மாற்றினேன்.

ஐந்து கிலோ கட்டியைப் பெரிய டப்பில் போட்டு ராத்திரி முழுக்க ஊறவையுங்கள். காலையில் தண்ணீர் கட்டாங்காபி நிறத்தில் இருக்கும். பழைய காட்டன் வேட்டியில் கொட்டிப் பிழிந்து, மறுபடி நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். மூன்றாவது தடவைக்கு மேல் தண்ணீர் வெளிறிய தேநீர் நிறத்துக்கு வரும். அப்போது ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் இறுக்கிப் பாருங்கள். விரல் இடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு எட்டிப் பார்க்க வேண்டும், கையைத் திறந்தால் உருண்டை உடையாமல் நிற்க வேண்டும். ஒழுகினால் ஈரம் அதிகம், உதிர்ந்தால் போதாது. இரண்டு பங்கு இதற்கு ஒரு பங்கு சலித்த மண்புழு உரம், தட்டுக்குக் கால் பிடி வேப்பம் புண்ணாக்குத் தூள். வேறு ஒன்றும் நாற்றுக்குத் தேவையில்லை.

ஆட்காட்டி விரலின் நகம் மறையும் அளவுக்குக்கூட ஆழம் வேண்டாம், பாதி நகம் போதும். குழிக்கு ஒரு விதை. தட்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிப் பாலித்தீன் தாளால் மூடி வீட்டுக்குள் நிழலில் வைத்துவிடுங்கள். தம்பியின் பாலித்தீனுக்கு இங்கேதான் வேலை. தக்காளி, கத்திரி ஆறேழு நாளில் தலை நீட்டும். மிளகாய்க்குப் பத்து நாளுக்கு மேல்கூட ஆகும், முளைக்கவில்லை என்று கிளறிப் பார்க்காதீர்கள். முதல் முளை தெரிந்த அன்றே தாளை எடுத்துவிட்டுத் தட்டைப் பிரித்து வெளிச்சத்துக்குக் கொண்டு போக வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் தண்டு நூல் மாதிரி நீண்டுவிடும்.


கடலோரக் கத்திரி
டிசம்பர் 28, இரவு 8.30

கோகோபீட்டைக் கழுவுகிற தண்ணீரே உப்பாக இருந்தால் என்ன செய்வது என்பது திருவான்மியூரில் எங்கள் தெருவின் பிரச்சினை. போர்வெல் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. முதல் கழுவல் இரண்டும் அதிலேயே செய்கிறேன், கடைசி அலசலுக்கு மட்டும் மெட்ரோ தண்ணீர்.

நாற்றுக்கு ஊற்ற ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடிக்கிறேன். காற்றின் ஈரம் குளிர்ந்து வடிவதால் அதில் உப்பே இருக்காது, கிட்டத்தட்ட மழைத் தண்ணீர்தான். சென்னைக் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம், ராத்திரி ஓடினால் காலையில் ஒரு வாளி நிறைந்திருக்கும். இந்த மாதம் ஏசி ஓடாது என்பதால் மழைநீரைச் சேர்த்து வைத்திருக்கிறேன். ஆர்ஓ இயந்திரத்திலிருந்து வெளியேறும் தண்ணீரை மட்டும் நாற்றுக்குக் காட்டாதீர்கள். வடிகட்டி ஒதுக்கிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. பாத்ரூம் கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒன்று. மார்ச்சுக்கு மேல் மதிய நேரத்தில் மாடிக் குழாயில் ஹோஸ் மாட்டித் திறந்தால் முதலில் வருவது கொதிக்கிற தண்ணீர். வெயிலில் கிடந்த ஹோஸுக்குள் தேங்கியது. அதைச் செடி மேல் ஊற்றி ஒரு வரிசை மிளகாயை இழந்தேன். முதல் இரண்டு குடத்தைத் தனியாகப் பிடித்து வைத்துவிடுவது இப்போது பழக்கமாகிவிட்டது.


மாடி வெயில்
டிசம்பர் 29, காலை 7.20

வலை வாங்குகிறவர்கள் 75 சதவீதமே வாங்குங்கள். வியாசர்பாடியில் எங்கள் மாடி தட்டோடு பதித்தது, ஏப்ரலில் வெறுங்காலை வைக்க முடியாது. 50 சதவீத வலையில் எனக்குக் கொத்தமல்லிகூடக் கருகிப்போனது.


பூச்சிவிரட்டி
டிசம்பர் 29, காலை 10.10

மாடி வெயில் அண்ணா சொல்வது கீரைக்கும் கொத்தமல்லிக்கும் புதினாவுக்கும் சரி. காய்ப்பவைக்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 75 சதவீதம் என்றால் வரும் வெயிலில் முக்கால் பங்கைத் தடுத்துவிடுகிறது. அதன் கீழே தக்காளி நாற்று நெட்டையாக, வெளிறி, தண்டில் பலமில்லாமல் வளரும். கத்திரி இலையை மட்டும் பெரிதாக விட்டுக்கொண்டு பூக்காமல் நிற்கும். நாற்றுக்கு 50, காய்க்கும் செடிக்கு 35 அல்லது 50, இதைத் தாண்டிப் போக வேண்டாம். 50இலும் கருகுகிறது என்றால் பெரும்பாலும் கீழேயிருந்து வரும் சூடுதான் காரணம். பைகளைத் தரையில் வைக்காமல் செங்கல் மேலோ இரும்பு ஸ்டாண்டு மேலோ ஏற்றி, அடியில் காற்றோட விடுங்கள். மேலே கரும்புச் சக்கையோ காய்ந்த இலையோ மூடாக்காகப் போடுங்கள். ஜூஸ் கடையில் சக்கை சும்மாவே தருவார்கள், இரண்டு நாள் காயவைத்துவிட்டுப் போட்டால் ஈ மொய்க்காது.

நாற்று பழகும் வரை வெள்ளை ஈயிடமிருந்தும் காப்பாற்ற வேண்டும். தக்காளியின் இலைச்சுருட்டு வைரஸை அதுதான் செடிக்குச் செடி கொண்டு போகிறது. பிஞ்சில் பிடித்தால் அந்தச் செடியால் பயனில்லை. நிழல்வலையின் கண் பெரிது, வெள்ளை ஈ சாதாரணமாக நுழையும். தட்டுக்கு மேல் மட்டும் 40 மெஷ், அதாவது அங்குலத்துக்கு 40 கண் உள்ள பூச்சி வலையைக் கொசுவலை மாதிரி கூடாரமாகப் போட்டால் புறா, மைனா, அணில் தொல்லையும் சேர்ந்தே போகும்.


கொளத்தூர் மாடி
ஜனவரி 9, இரவு 8.55

டிசம்பர் 31 அன்று விதைத்தேன். தக்காளி பெரியகுளத்து பி.கே.எம். 1, கத்திரி வேலூர் முள்ளுக்கத்திரி, மிளகாய் முண்டு. கோகோபீட்டை நாலு தடவை அலசினேன். அக்கா சொன்ன நிறம் அப்படியே வந்தது, போன வருடம் நான் அலசவே இல்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. ஆறாம் நாள் தக்காளி 98 குழியில் 91 முளைத்திருக்கிறது. மிளகாய் இன்றைக்குத்தான் நாலைந்து தலை தெரிகிறது. படிக்கட்டு அறையின் கிழக்குச் சுவர் ஓரம் பெஞ்சு போட்டாயிற்று. மதியம் ஒன்றரை மணிக்கு நிழல் பெஞ்சு முழுக்க வந்துவிடுகிறது. மகள் புதிய ஐஸ் குச்சிகளில் எழுதிவிட்டாள்.


கொளத்தூர் மாடி
ஜனவரி 17, காலை 6.30

அவசரம். பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டு நேற்று இரவு வந்தோம். தினம் இரண்டு வேளை தண்ணீர் தெளிக்கப் பக்கத்து வீட்டில் சொல்லியிருந்தேன், அவர்களும் பார்த்துப் பார்த்து ஊற்றியிருக்கிறார்கள். இப்போது ஒரு தக்காளித் தட்டின் மூலையில் பத்துப் பன்னிரண்டு நாற்று அடியோடு சாய்ந்திருக்கிறது. மேல் இலை பச்சையாகவே இருக்கிறது, மண்ணைத் தொடும் இடத்தில் தண்டு கிள்ளியது மாதிரி சுருங்கிப் பழுப்பாகிவிட்டது. என்ன செய்வது?


பூச்சிவிரட்டி
ஜனவரி 17, காலை 6.48

இது நாற்றழுகல். மண்ணில் இருக்கும் பித்தியம் என்ற பூஞ்சணம் ஈரம் கூடினால் செய்வது. சாய்ந்தது பிழைக்காது, பாவம் பார்க்காமல் அந்தக் குழிகளையும் சுற்றியிருக்கும் ஒரு வரிசையையும் மண்ணோடு வெளியே எடுத்துக் குப்பையில் போடுங்கள். உரக்குழியில் போட வேண்டாம். மீதித் தட்டைத் தனியாக வையுங்கள். இன்று தண்ணீரே வேண்டாம். சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாத் தூளை லிட்டருக்கு ஐந்து கிராம் கரைத்து, மாலையில் எல்லாத் தட்டுக்கும் வேர் நனைய ஊற்றுங்கள்.

இனிமேல் காலையில் ஒரு வேளை மட்டும், அதுவும் மேல்பரப்பு காய்ந்து நிறம் வெளுத்த பிறகு. மார்கழி, தை மாதங்களில் பனி இறங்குவதால் சாயங்காலம் தெளித்த தண்ணீர் ராத்திரி முழுக்கக் காயாது. தட்டைத் தூக்கிப் பார்த்து எடையில் ஈரத்தைக் கண்டுபிடிக்கப் பழகுங்கள், இரண்டு நாளில் கைக்குத் தெரிந்துவிடும். அடுத்த முறை விதைக்கும்போதே விதையை டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சணத் தூளில் புரட்டி எடுத்துப் போடுங்கள். கிலோ விதைக்கு நாலு கிராம் என்பது அளவு, வீட்டில் ஒரு சிட்டிகை போதும்.


கொளத்தூர் மாடி
ஜனவரி 22, இரவு 9.05

அழுகல் நின்றுவிட்டது, நன்றி பூச்சிவிரட்டி. 22 நாற்று போனது, மீதி எல்லாம் நன்றாக இருக்கிறது. நேற்றிலிருந்து வெயிலுக்குப் பழக்குகிறேன். முதல் நாள் காலை எட்டு முதல் ஒன்பதரை வரை திறந்த மாடியில் வைத்தேன், இன்று பத்தரை வரை.


நாற்றங்கால்
ஜனவரி 22, இரவு 9.30

நல்லது தம்பி. தக்காளியை 25 நாளில் நடலாம், கத்திரிக்கு முப்பது முப்பத்தைந்து, மிளகாய்க்கு நாற்பது நாள் கொடுங்கள். நடுவது எப்போதும் சாயங்காலம் நாலரைக்கு மேல், ராத்திரி முழுக்க வேர் பிடிக்க நேரம் கிடைக்கும். தக்காளியை மட்டும் கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்டை ஆழமாகப் புதையுங்கள், புதைந்த தண்டிலிருந்தும் வேர் விடும். கத்திரியையும் மிளகாயையும் தட்டில் இருந்த மட்டத்துக்கே வையுங்கள்.

இப்போதே வலைக்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். சூரியன் இந்த மாதம் தெற்கே சாய்ந்து போகிறது, அதனால் சுவர் நிழல் உதவுகிறது. ஏப்ரல் 24 வாக்கில் சென்னையில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது, அன்று கம்பத்துக்கு நிழலே விழாது. அந்த நாட்களில் மதிய நேரத்துக்குச் சுவரை நம்ப முடியாது, தலைக்கு மேலே வலை வேண்டும்.


மயிலை செம்பருத்தி
ஜனவரி 23, மதியம் 1.15

வலையைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் எங்கள் சட்டம் வலையோடு பிய்ந்து பின்தெரு மாமரத்தில் போய் மாட்டியது. யாருக்கும் அடிபடவில்லை என்பதில் இன்றைக்கும் நிம்மதி.

பிவிசி குழாய் மாடிக் காற்றுக்குத் தாங்காது தம்பி, வெயிலில் காய்ந்து ஒரே வருடத்தில் நொறுங்க ஆரம்பிக்கும். ஒன்றேகால் அங்குல ஜி.ஐ. பைப்புக்கு, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்க்குப் போங்கள். தளத்தில் துளை போடவே கூடாது. தண்ணீர் கசியாமல் செய்திருக்கும் பூச்சு போய்விடும், கீழ் வீட்டுக் கூரையில் ஈரம் இறங்கினால் அப்புறம் தோட்டமே வேண்டாம் என்பார்கள். நான் செய்தது இப்படி. இருபது லிட்டர் பெயின்ட் வாளியில் பைப்பை நட்ட நடுவில் நிறுத்தி கான்கிரீட் நிரப்பினோம். ஒரு வாளி 45 கிலோ வரும். அதைத் தளத்தின் நடுவில் வைக்காமல், கீழே தூணும் பீமும் ஓடும் இடமாகப் பார்த்து வைத்தோம். மேலே குறுக்குப் பைப்பை கைப்பிடிச் சுவரோடு சேர்த்துக் கட்டியிருக்கிறோம்.

உயரம் எட்டடியாவது வேண்டும். தாழ்வாகக் கட்டினால் வலைக்குக் கீழே சூடு தேங்கும், பாலித்தீன் கதைதான் திரும்ப நடக்கும். மேற்கிலும் தெற்கிலும் பக்கவாட்டில் வலை தொங்கட்டும், கிழக்கைத் திறந்து விடுங்கள். பதினொன்று பன்னிரண்டு மணிக்கு மேல் கடற்காற்று அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும், அதை அடைப்பது பெரிய தப்பு. வலையும் கட்டுக்கயிறும் பாரிமுனைக் கடைகளில் மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். புற ஊதாக் கதிரைத் தாங்குகிற ரகமா என்று கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் அடுத்த கோடைக்குள் நார் நாராக உதிரும். கம்பியால் இறுக்கிக் கட்டாமல் ஒரு பக்கம் கொக்கி வைத்து மாட்டுங்கள். செப்டம்பர் கடைசியில் நானே ஒரு ஆளாகப் பத்து நிமிடத்தில் கழற்றிச் சுருட்டி வைத்துவிடுகிறேன். சட்டம் மட்டும் நின்றால் புயலுக்குப் பிடிமானம் கிடையாது.


கடலோரக் கத்திரி
ஜனவரி 23, மதியம் 2.40

அக்கா சொன்னதில் கிழக்கைத் திறந்து விடுவது மட்டும் கடற்கரையிலிருந்து நாலு தெருவுக்குள் இருப்பவர்களுக்குப் பொருந்தாது. எங்களுக்கு அந்தக் காற்றிலேயே உப்பு. இலை ஓரம் கருகும். நான் கிழக்கில் இடுப்பு உயரத்துக்கு மட்டும் 35 சதவீத வலை கட்டியிருக்கிறேன், வாரம் ஒரு முறை நல்ல தண்ணீரில் இலையைக் கழுவிவிடுகிறேன்.


தண்டுக்கீரை
பிப்ரவரி 19, காலை 8.20

பால்கனியில் கத்திரி ஆறு, மிளகாய் எட்டு நட்டுவிட்டேன். கீரை குருணை கலந்து தூவியது அடர்த்தியாக வந்திருக்கிறது. காலை வெயில் நாலு மணி நேரம்தான், அதனால் தக்காளி ஆசையை விட்டுவிட்டேன்.


கொளத்தூர் மாடி
ஏப்ரல் 13, இரவு 8.15

கொஞ்ச நாளாக எழுத முடியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

தக்காளி இருபது செடி ஜனவரி 26 அன்று நட்டேன். மீதி நாற்றைத் தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். மார்ச் 24 அன்று முதல் பழம். இன்றுவரை பதினொரு கிலோ எடை போட்டு எழுதி வைத்திருக்கிறேன். ஐயா சொன்ன நாளிலிருந்து ஒரு வாரம்கூடப் பிசகவில்லை. ஏப்ரல் பிறந்ததிலிருந்து புதுப் பூவெல்லாம் காம்பில் மஞ்சள் விழுந்து உதிர்கிறது, காலையில் பையைச் சுற்றிக் கொட்டிக் கிடக்கிறது. இருக்கிற காய் பழுத்ததும் செடியை எடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். கத்திரி இப்போதுதான் வேகமாகக் காய்க்கிறது. முண்டு மிளகாய் சிவக்க ஆரம்பித்துவிட்டது.

வலை மார்ச் 8 அன்று ஏறியது, 50 சதவீதம், எட்டரை அடி உயரம், வாளியில் கான்கிரீட். நேற்று மதியம் இரண்டரைக்கு வெப்பமானியை வலைக்கு வெளியே தொட்டி நிழலில் வைத்தால் 36, வலைக்கு உள்ளேயும் 36. போன வருடம் அதே மாடியில் 49 பார்த்த ஆள் நான், ஆகவே இரண்டு மூன்று தடவை தட்டிப் பார்த்தேன். காற்று அதே சூடுதான், ஆனால் வெயில் இலையில் நேரே இறங்குவதில்லை. அவ்வளவுதான் வித்தியாசம், செடிக்கு அதுவே போதுமானதாக இருக்கிறது.

தக்காளியை எடுத்த பைகளில் அடுத்து என்ன போடுவது? மே 4 கத்திரி வெயில் தொடங்குகிறது. காலியாக விட மனசில்லை.


நாற்றங்கால்
ஏப்ரல் 13, இரவு 8.50

வெண்டையும் கொத்தவரையும் நேரே விதையுங்கள், இரண்டுக்கும் வெயில் பிடிக்கும், வலைக்கு வெளியே வைத்தாலே போதும். நாலு பைகளில் மட்டும் ஒன்றும் போடாமல் தொழு உரம் கலந்து மூடாக்குப் போட்டு நனைத்து வையுங்கள், ஆடிப்பட்டத்துக்கு மண் தயாராக இருக்கும். முதலில் பழுத்ததில் உருண்டையான ஐந்தாறு பழத்தை விதைக்கு எடுத்தீர்களா? ஏப்ரலில் பழுத்ததை எடுக்க வேண்டாம், மார்ச் பழமாக இருக்கட்டும்.


கொளத்தூர் மாடி
ஏப்ரல் 13, இரவு 9.02

எடுத்தேன் ஐயா. மூன்றாவது பறிப்பில் ஆறு பழம். சதையோடு இரண்டு நாள் புளிக்கவிட்டு, வழவழப்பு போகக் கழுவி, நிழலில் காயவைத்து, மகள் பழைய மாத்திரை டப்பாவில் போட்டு தேதி எழுதிவிட்டாள். ஒரு பிடி இருக்கிறது. யாருக்கு வேண்டுமோ சொல்லுங்கள்.


மயிலை செம்பருத்தி
ஏப்ரல் 14, காலை 6.10

எனக்கு இருபது விதை வேண்டும் தம்பி. பதிலுக்குப் பீர்க்கன் நாற்று நாலு டீ கப்பில் தயாராக இருக்கிறது, இரண்டு இலை விட்டாயிற்று, இந்த வாரமே நட வேண்டும். ஞாயிறு காலை ஏழு மணிக்குள் வந்தால் வெயில் ஏறும் முன் எடுத்துக்கொண்டு போய்விடலாம். கப்பை நிமிர்த்தி வைக்க ஒரு அட்டைப்பெட்டி கொண்டு வாருங்கள், மகளையும் அழைத்து வாருங்கள்.